பகல் இரண்டு ஐம்பதுக்கு ஓடிய இசைத்தட்டு

இது உண்மையாக நடந்தது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், ஆனால் தேதியையும் மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். 2004ஆம் வருடம், ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை வரை. ஆடி மாதம். இதில் ராத்திரி என்பதே கிடையாது. எல்லாம் பட்டப்பகலில், தெருவில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது நடந்தது.

பகலில் அப்படியெல்லாம் வருமா என்று கேட்பீர்கள். ஷிப்டு வேலை பார்ப்பவர்கள் வீட்டில் பகல்தான் ராத்திரி. ஜன்னலைச் சாத்தி, போர்வையைத் தொங்கவிட்டு, தெருவே நடமாடும்போது ஒரு ஆள் தூங்குவார். அந்த இருட்டு எனக்கு நன்றாகத் தெரியும்.

என் பெயர் சுகப்பிரியா. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். அப்போது இருங்காட்டுக்கோட்டையில், காருக்கு ஒயர் கட்டும் ஒரு கம்பெனியில் லைனில் நின்றேன். என் கணவர் ரகுவுக்கு மணிமங்கலம். ஒரகடத்தில் ஒரு கோடவுனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். காதல் கல்யாணம். என் வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. அவருடைய அம்மா ஒரே ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அந்த ஊரில் எனக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கு வந்த பொறாமை எப்படிப்பட்டது என்று உங்களுக்குப் புரிய வேண்டும்.

குன்றத்தூரில், மலைக்குப் பின்பக்கம், கிளியம்மாள் என்கிற அம்மாவின் வீட்டில் ஒரு போர்ஷன் எடுத்திருந்தோம். முன்னால் ஒரு கூடம், அதையொட்டி சமையல் இடம், உள்ளே ஒரு சின்ன அறை. அந்த அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று கூடத்துக்குத் திறக்கும். இன்னொன்று பின்பக்கச் சந்துக்கு. ரகு தன் டி.வி.எஸ். வண்டியைச் சந்தில்தான் நிறுத்துவார். அதனால் வேலைக்குப் போகும்போது கூடத்துக் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு, பின்கதவு வழியாகப் போய் அதைப் பூட்டிக்கொள்வார். வந்தால் அதே வழியாக உள்ளே வந்து படுத்துவிடுவார். அந்த அறையில்தான் அவருடைய ரெக்கார்டுகள் இருந்தன.

அவை வந்தது தற்செயலாகத்தான். வெளிநாட்டு இன்ஜினியர்கள் ஊர் திரும்பும்போது அவர்களுடைய வீட்டுச் சாமான்களை ரகுவின் கோடவுனில்தான் கட்டிக் கப்பலுக்கு அனுப்புவார்கள். ஒரு ஜப்பான்காரர் கடைசி நேரத்தில் இரண்டு அட்டைப்பெட்டிகளையும் ஒரு ரெக்கார்டு பிளேயரையும் மட்டும் கைகாட்டி, இது வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யாரும் எடுக்கவில்லை. ரகு எடுத்து வந்தார். பழைய சினிமாப் பாட்டு வாங்கிப் போடலாம் என்று பிளேயருக்காகத்தான் எடுத்தார்.

முதல் தட்டைப் போட்டபோது நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். தாளம் இல்லை, ராகம் இல்லை. ஒரு ஊதுகுழல் அலறியது. டிரம்ஸ்காரர் மாடியிலிருந்து பாத்திரத்தை உருட்டிவிட்டதுபோல் அடித்தார். "பன்னியை யாரோ தொரத்துற மாதிரி கீது" என்றார் ரகு.

ஆனால் அவர் மறுபடியும் போட்டார். அடுத்த நாளும் போட்டார். ஒரு மாதம் கழித்து, சோறு போட்டுக்கொண்டிருந்த என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, தனக்குப் பிடிபட்டுவிட்டது என்றார். ஷிப்டு விடும் நேரத்தில் கோடவுன் எப்படி இருக்கும், ஒவ்வொருவனும் அவனவன் கதையைக் கத்திக்கொண்டு வருவான், ஆனால் எல்லோரும் ஒரே கேட்டை நோக்கித்தான் போவார்கள், இதுவும் அப்படித்தான் என்றார். எனக்குக் கேட் எதுவும் தெரியவில்லை. பன்னிதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். உறையில் இருக்கும் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, பிரௌசிங் சென்டருக்குப் போய்த் தேடி, அது ஜாஸ் என்றும், ஜாஸிலும் கட்டுக்கு அடங்காத ஒரு வகை என்றும் தெரிந்துகொண்டார். வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தால் பல்லாவரம் சந்தை. பழைய மிக்ஸி, உடைந்த நாற்காலிக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தட்டுகளை ஒவ்வொன்றாக வெயிலில் சாய்த்துக் கீறல் பார்ப்பார். ஒரு முறை நானும் கூடப் போனபோது மழை பிடித்துக்கொள்ள, ஒரு தட்டை உறையோடு என் துப்பட்டாவில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். அவர் முழுக்க நனைந்திருந்தார். தட்டு நனையவில்லை. அயனாவரத்தில் ராஜாமணி என்று ஒரு பெரியவர், ஒரு அலமாரி நிறைய இந்த மாதிரித் தட்டுகள் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகள் அவர் வீட்டுக்குப் போயின.

எனக்கு முதலில் வந்த பொறாமை அந்தத் தட்டுகள் மேல்தான். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். ஊசியை வைத்துவிட்டு அவர் கண்ணை மூடும்போது, முகத்தில் ஒரு தளர்ச்சி வரும். தூக்கத்தில்கூட அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. என்னைப் பார்க்கும்போதும் இல்லை. அந்த ஊசியைத் தொட என்னை ஒரு நாளும் விட்டதில்லை. "உனுக்குக் கை நடுங்கும்" என்பார்.

அந்த ஆகஸ்டில் அவருக்கு நைட் ஷிப்டு. எனக்கு முதல் ஷிப்டு. நான் காலை ஐந்து மணிக்குக் கிளம்பும்போது அவர் இன்னும் வந்திருக்க மாட்டார். ஏழு மணிக்கு மேல் வந்து படுப்பார். நான் 2.50க்கு வீட்டுக்குள் வரும்போது உள் அறைக் கதவு தாழ் போட்டிருக்கும். ஐந்து மணிவாக்கில் கண் சிவக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவார். அந்த நாட்களில் ஆள் பாதியாக இளைத்துப்போயிருந்தார். தூங்கினீர்களா என்று கேட்டால், நன்றாகத் தூங்கினேன் என்று முகத்தைப் பார்க்காமல் சொல்வார்.

ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை. 2.50.

செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ரெக்கார்டு ஓடுவது கேட்டது. மெதுவாக வைத்திருந்தார். தூங்காமல் இதையா கேட்கிறார் என்று எரிச்சலோடு டிபன் டப்பாவைக் கழுவினேன். அன்றைக்கு அது வழக்கமான அலறலாக இல்லை. ஒரே ஒரு குழல். நடுநடுவே ஊதுபவரின் மூச்சு. அந்த மூச்சும் பாட்டின் ஒரு பகுதிபோல நீளமாக வந்தது.

அப்போது ஒரு பெண் சிரித்தாள்.

சின்னச் சிரிப்பு. மூக்கால் விடுவதுபோல. தட்டில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை. 2.55.

அதே குழல். நான் கூடத்தில் படுத்துக்கொண்டு கேட்டேன். 3.10க்குத் தட்டு முடிந்தது. ஊசி கடைசிக் கோட்டில் சுற்றும் சத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். டிக்... டிக்... டிக்... பாட்டு முடிந்துவிட்டது.

ஆனால் அந்தப் பெண் முனகிக்கொண்டிருந்தாள். குழல் எங்கே விட்டதோ அங்கிருந்து எடுத்து, மெதுவாக, தனக்குத் தானே முனகினாள்.

டிக்... டிக்...

நான் எழுந்து உட்கார்ந்தேன். என் உடம்பு முழுக்கச் சூடாகியது. பயத்தால் இல்லை. எனக்கு அந்த நேரத்தில் பேய் என்ற நினைப்பே வரவில்லை. என் புருஷன் ஒரு பெண்ணை உள்ளே வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்தப் பாட்டு புரிகிற ஒரு பெண்ணை.

ஐந்து மணிக்கு அவர் வெளியே வந்தார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். பாய். தலையணை. ரெக்கார்டுகள். பின்கதவு சாத்தியிருந்தது. அவள் சந்து வழியாகப் போயிருப்பாள்.

அன்றிலிருந்து நாட்காட்டித் தாளைக் கிழித்து, பின்புறத்தில் மணியைக் குறிக்க ஆரம்பித்தேன்.

புதன்கிழமை. 2.50லிருந்து குழல். 3.20க்கு மேல் அதோடு பேச்சும் சேர்ந்தது.

அவர் குரல் தாழ்வாக ஏதோ சொன்னது. அவள் பதில் சொன்னாள். வார்த்தை பிடிபடவில்லை. புருஷன் பெண்டாட்டி போல, அவசரமில்லாமல், நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள். நாங்கள் இரண்டு பேரும் அப்படிப் பேசி எத்தனை மாதம் ஆகியிருந்தது... 

நான் கதவைத் தட்டினேன்.

குழல் நின்றது. பேச்சு நின்றது.

"ஏங்க" என்றேன்.

"என்ன?" என்றது ரகுவின் குரல்.

"உள்ள யாரு?"

"தூங்குகிறேன். அப்புறம் வா."

நான் அப்படியே நின்றேன். ரகு பிறந்ததிலிருந்து 'இன்னா' என்றுதான் சொல்வார். 'என்ன' என்று ஒரு நாளும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. 'தூங்குகிறேன்' என்று பள்ளிக்கூடப் புத்தகம்போல யார் பேசுவார்கள்? அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் பொறாமை பிடித்தவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். அவளுக்காக நல்ல தமிழ் பேசுகிறார் என்று நினைத்தேன். என்னிடம் பேச இன்னா, அவளிடம் பேச என்ன.

அன்று முழுக்க அழுதேன். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது.

வியாழக்கிழமை லைனில் என் பக்கத்தில் நிற்கும் இசக்கிசெல்வியிடம் சொன்னேன். நாங்குநேரிக்காரி, வயதில் மூத்தவள். ஒயரைக் கட்டிக்கொண்டே கேட்டாள். ரொம்ப யோசிக்கவில்லை.

"ஏட்டி, முன்னால நின்னு தட்டுனா அவ பின்னால போயிருவா. நாளைக்கு மத்தியானமே பெர்மிஷன் போட்டுட்டுப் போ. சந்துல போயி நில்லு."

அன்று 2.50க்கு வீட்டுக்கு வந்தேன். குழல் ஓடிக்கொண்டிருந்தது. நான் சத்தம் போடாமல் போய், கதவில் காதை ஒட்டி வைத்தேன்.

பெண் முனகிக்கொண்டிருந்தாள்.

முனகல் நின்றது.

குழல் மட்டும்.

அப்புறம் மூச்சு. இது தட்டில் வரும் மூச்சு இல்லை. கிட்டத்தில். மிகவும் கிட்டத்தில். என் காது எந்த உயரத்தில் இருந்ததோ, அதே உயரத்தில்.

கதவின் அந்தப் பக்கம் அவளும் காதை வைத்திருந்தாள்.

எத்தனை நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. நான் விலகும்போது 3.34. அவளும் விலகிய சத்தம் கேட்டது. கதவு லேசாக முனங்கியது.

பதின்மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை.

வயிற்றுவலி என்று சொல்லிப் பெர்மிஷன் போட்டேன். ஷேர் ஆட்டோ பிடித்துக் குன்றத்தூர் வந்தபோது 1.25. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. நேராகச் சந்துக்குள் போனேன்.

வண்டி இல்லை. வீட்டில் இருப்பது தெரியக்கூடாது என்று வேறு எங்கோ நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்தேன்.

பின்கதவு வெளியே பூட்டியிருந்தது. யாரையோ விட்டு வெளியே பூட்டச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். கிளியம்மாள் மேல்கூடச் சந்தேகம் வந்தது.

உள்ளே குழல் கேட்டது.

ஜன்னல் சாத்தியிருந்தது. பலகைக் கதவு இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் இடைவெளி. உள்ளே தொங்கவிட்ட போர்வையும் அன்றைக்கு ஒதுங்கியிருந்தது. துணி துவைக்கும் கல்லில் ஏறி, கண்ணை வைத்தேன்.

இருட்டு பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

முதலில் தட்டு தெரிந்தது. கறுப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு முதுகு. வெள்ளை பனியன். ரகுவின் உயரம், ரகுவின் கழுத்து. பாயில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார். அந்த இடம் என் கண்ணுக்கு எட்டவில்லை.

தட்டு முடிந்தது.

டிக்... டிக்...

ஒரு கை நீண்டது. பெண் கை. வளையல் இல்லை. மெலிந்த, நீளமான விரல்கள். ஊசியைப் பூப்போலத் தூக்கி, தட்டின் ஓரத்தில் மறுபடி வைத்தது. கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

அவர் விட்டார். தொட விட்டார்.

என்னை அறியாமல் வாயைத் திறந்தேன். சத்தம் வந்ததா என்று தெரியாது. வந்திருக்க வேண்டும்.

அந்த முதுகு திரும்பவில்லை. பக்கத்து இடத்தைப் பார்த்து, அமைதியாகச் சொன்னது.

"அவள் வந்துவிட்டாள்."

அந்தக் கை ஜன்னலை நோக்கி வந்தது.

பலகை மெதுவாக... மிக மெதுவாக... உள்ளே இருந்து சாத்திக்கொண்டது.

நான் கல்லிலிருந்து விழுந்தேன். முட்டி கிழிந்தது. தெருவைச் சுற்றி ஓடினேன். சாவியை எடுத்து வாசல் பூட்டைத் திறந்தேன். சமையல் இடத்தில் அம்மிக்குழவி இருந்தது. இரண்டு கையாலும் தூக்கினேன்.

தாழ் இருக்கும் இடத்தில் ஒரு அடி.

உள்ளே குழல்.

இன்னொரு அடி.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள் அவள். கதவுக்கு அந்தப் பக்கம். கெஞ்சினாள்.

மூன்றாவது அடி. தாழ் பிய்த்துக்கொண்டது.

குழல் நின்றது.

உள்ளே யாரும் இல்லை.

பாய் விரித்திருந்தது. பின்கதவு சாத்தியிருந்தது. இழுத்துப் பார்த்தேன். வெளியே பூட்டு ஆடியது.

தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. என் கண் முன்னால் வேகம் குறைந்து... குறைந்து... நின்றது.

சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரியவில்லை.

சத்தம் கேட்டு ஓடி வந்த கிளியம்மாள் வாசலில் நின்று, உடைந்த கதவையும் என் கையிலிருந்த குழவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா பிரியா, இன்னாத்துக்கு இந்த இடி இடிக்கிற? பன்னெண்டு மணிலருந்து கரண்டே இல்ல. நான் வாசல்ல தான் குந்திகினு இருந்தேன்."

நான் சுவிட்சைப் பார்த்தேன். தட்டைப் பார்த்தேன். பயப்பட வேண்டிய இடம் அதுதான். ஆனால் நான் பயப்படவில்லை. இதை உண்மை என்று நம்பச் சொல்வதால் இதையும் உண்மையாகச் சொல்கிறேன். எனக்குள் இருந்தது முழுக்க ஆத்திரம். பிளேயர் பேட்டரியில் ஓடுகிறது, அவள் எப்படியோ தப்பித்துவிட்டாள் என்றுதான் என் மனம் கணக்குப் போட்டது. பிளேயரில் இருந்த தட்டை எடுத்துத் தரையில் வைத்து, குழவியால் அடித்தேன். அப்புறம் அடுக்கில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக இழுத்தேன். மடக்கி உடைத்தேன், மிதித்து உடைத்தேன், அடித்து உடைத்தேன். மழையில் நனையாமல் கொண்டு வந்ததை முதலில் தேடி எடுத்தேன். கிளியம்மாள் தடுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். முடிந்தபோது கை முழுக்கக் கீறல்.

4.55க்குச் சந்தில் வண்டிச் சத்தம் கேட்டது. பூட்டைத் திறந்துகொண்டு ரகு உள்ளே வந்தார். சட்டையெல்லாம் தூசி. தரையைப் பார்த்தார். அப்படியே சுவரில் சாய்ந்தார்.

எல்லாம் எனக்குத் தெரியும் என்றேன்.

அவர் காலடியில் கிடந்த ஒரு துண்டை எடுத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தெரிஞ்சிபோச்சா?" என்றார். "தப்புதான். உன்னாண்ட சொல்லியிருக்கணும்."

அதுதான் எனக்குக் கிடைத்த சாட்சி. போய்விடுங்கள் என்று கத்தினேன். அவர் ஒரு கோணிச் சாக்கை எடுத்து வந்து, துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கிப் போட்டுக்கொண்டார். சாக்கை வண்டியில் வைத்துக்கொண்டு மணிமங்கலத்துக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

பத்து நாள் நான் கிளியம்மாளின் வாசலில் படுத்தேன். உள்ளே படுக்க முடியவில்லை. சத்தம் எதுவும் இல்லை. அந்தச் சத்தம் இல்லாததும் என்னைத் தூங்கவிடவில்லை.

இருபத்துமூன்றாம் தேதி ஒரகடத்துக்குப் போனேன். அவர் வேலை பார்க்கும் கோடவுனில் சொல்லி, அவரை எல்லோர் முன்னாலும் தலைகுனிய வைக்க வேண்டும் என்றுதான் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் டைம் ஆபீஸ். அங்கே கோபால் என்பவர் இருந்தார். கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், அதனால் என்னைத் தெரியும். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. பகல் நேரத்தில் வீட்டில் ஒரு பெண்ணை வைத்திருந்தார், தேதி மணியோடு குறித்து வைத்திருக்கிறேன் என்று சொல்லி, நாட்காட்டித் தாள்களை மேஜையில் போட்டேன்.

கோபால் தாள்களைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். எழுந்து போய் ஒரு கட்டு அட்டைகளை எடுத்து வந்தார். ஆகஸ்ட் மாதத்து பஞ்ச் கார்டு. ரகுவின் பெயர்.

"இன்னாம்மா சொல்ற நீ? அவன் நாலாம் தேதிலருந்து டபுள் டூட்டி பாத்துகினு இருந்தான். ஆறு மணிக்கு நைட்டு முடிச்சி, இங்கியே அட்டப்பொட்டி மேல ரெண்டு அவர் படுத்துட்டு, மறுபடி லோடிங்குக்கு வந்துடுவான். பாரு."

பார்த்தேன்.

திங்கள். உள்ளே 8.03. வெளியே 4.07.

செவ்வாய். உள்ளே 8.01. வெளியே 4.10.

புதன். வெளியே 4.05. அந்த நாளில் 3.20க்கு மேல் அவர் என்னோடு கதவுக்குப் பின்னாலிருந்து பேசினார்.

வெள்ளி. வெளியே 4.08. 1.30க்கு நான் அவர் முதுகைப் பார்த்தேன்.

"வெள்ளிக்கெழம மத்தியானம் அவன் என் கூட தான் சாப்ட்டான்" என்றார் கோபால். "அயனாவரத்துல யாரோ பெரியவராம், பொண்ணு வூட்டுக்குப் போறாராம். அவரு அலமாரிய வேற எவனோ கேட்டுகினு கீறான், அவன் கைக்குப் போயிட்டா என்னால தாங்க முடியாதுன்னு சொன்னான். அத்த வாங்க துட்டு சேக்க தான் இந்தப் பாடு. ஒரு தபா மயங்கி வுழுந்தான்ல, அப்ப டபுள் டூட்டி போ மாட்டேன்னு உன் தலைல கை வச்சானாம். அதான் உன்னாண்ட சொல்லாம, சந்து வழியா வந்து தூங்கி எழுந்த மாதிரி நடிச்சிகினு இருந்தான்."

மத்தியான வெயிலில் எனக்குக் குளிர் எடுத்தது. பல் தந்தி அடித்தது. அப்போதுதான், அத்தனை நாள் கழித்து, எனக்குப் பயம் வந்தது.

அங்கிருந்து நேராக மணிமங்கலம் போனேன். ரகுவின் அம்மா கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்ததும் வழி விட்டார். ரகு உள்ளே சாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பு, முனகல், மூச்சு, முதுகு, கை. அவர் கோபப்படவில்லை. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இன்னா பாட்டு ஓடிச்சி?"

ஒரே குழல் என்றேன். டிரம்ஸ் இல்லை. மூச்சு நீளமாக வரும், அதுவும் பாட்டில் சேரும். கடைசியில் குழல் இறங்கி இறங்கி, தரையைத் தொடுவதுபோல வந்து, தொடாமல் நின்றுவிடும். எனக்குத் தெரியாமலே அதை முனகிக் காட்டினேன். ஐந்து நாளில் முழுக்க மனப்பாடம் ஆகியிருந்தது.

"என்னாண்ட அப்பிடி ஒண்ணு இல்ல பிரியா" என்றார்.

அப்போது அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. நான் அவருடைய உயிரையே உடைத்துப் போட்டவள், அதற்காக இல்லை. நான் கேட்டுவிட்டேன், அவர் கேட்கவில்லை. அதற்காக.

சாக்கைத் தரையில் கவிழ்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். வாங்கிய ஒவ்வொரு தட்டையும் தேதி போட்டு அதில் எழுதியிருந்தார். தட்டு உடைந்தாலும் நடுவில் இருக்கும் வட்டக் காகிதம் பெரும்பாலும் தப்பியிருந்தது. இரண்டாகப் பிளந்தவற்றை ஒட்டி வைத்தார். ஒவ்வொரு வட்டத்தையும் படித்து, நோட்டில் ஒரு கோடு போட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

நோட்டில் அறுபத்தொன்று இருந்தது. அறுபத்தொன்றுக்கும் கோடு போட்டாகிவிட்டது.

தரையில் ஒரு வட்டம் மீதி இருந்தது.

வெள்ளைக் காகிதம். நடுவில் ஓட்டை. ஒரு எழுத்துகூட இல்லை. திருப்பிப் பார்த்தோம். அந்தப் பக்கமும் இல்லை.

ஜப்பான்காரர் விட்டுப்போன பெட்டிகளைப் பிரித்த அன்றே ஒவ்வொன்றாக எழுதிவிட்டதாக ரகு சொன்னார். சந்தையில் வாங்கியதையும் அன்றன்றே எழுதியிருந்தார்.

மறுபடி எண்ணினோம். அவர் அம்மாவும் வந்து உட்கார்ந்து எண்ணினார்.

அறுபத்திரண்டு.